இஞ்சின் ஏத்தப் போற மாப்ளைக்கு

மாப்ளே, தாத்தன் காலத்து அம்பாசடருக்கு கோயமுத்தூர் உக்கடத்துல இஞ்சின் பாத்துட்டீங்களாமா? சந்தோசமுங்க. வெலை படிஞ்சுருச்சு, குட்டி யானை வண்டிக்கும் சொல்லியாச்சு, நாளைக்குக் காத்தால ஏத்தியாறப் போறீங்கன்னு பொள்ளாச்சிச் சந்தைக்கே தெரிஞ்சுருச்சு. எப்படிக் கட்டிக் கொண்டாரப் போறீங்கன்னு கேட்டா மட்டும், “அதெல்லாம் டிரைவர் பாத்துக்குவான் மாமா”ங்கறீங்க. டிரைவரைக் கேட்டா, கடைக்காரர் பாத்துக்குவாருங்கறான். கடைக்காரரு, ஏத்தி உடறது வரைக்குந்தான் நம்ம பொறுப்புங்கறாரு. ஆகமொத்தம் நாளைக்கு அந்த இஞ்சினைப் பாத்துக்கப் போறது வழில இருக்கற ஈச்சனாரிப் புள்ளையாரு ஒருத்தர்தானுங்க. அவருக்கு ஏற்கனவே சோலி எச்சு.

காருக்குள்ள கெடந்த சாமான்தானேன்னு நெனைக்காதீங்க. உங்களுது அந்தப் பழைய 1489 சி.சி. டீசலு. இஞ்சின் கட்டையும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. கியர்பாக்ஸையும் ஒட்டுக்கா வாங்கியாந்தா இருநூறு கிலோவுக்கு மேல நிக்குமுங்க. சொமக்கப் போற குட்டி யானைக்கோ ரெண்டே சிலிண்டரு, 702 சி.சி. தன்னோட இஞ்சினாட்டம் ரெண்டு மடங்கை முதுகுல ஏத்திக்கிட்டு அது கிணத்துக்கடவு தாண்டி வரோணும். வந்துரும், அதுல எனக்குச் சந்தேகமில்லை. முக்கா டன்னு ஏத்தற வண்டிக்கு இருநூறு கிலோ ஒரு பாரமா? உங்க மச்சானுக மூணு பேரு ஏறுனா அதே எடைதான். என்ன ஒண்ணு, பிரேக் போட்டா மச்சானுக எதையாச்சும் எட்டிப் புடிச்சுக்குவாங்க. இஞ்சினுக்குக் கையில்லீங்களே.

அங்கதான் சூட்சுமம் இருக்குது. பிரேக்கு நிறுத்தறது வண்டியைத்தான். மேல கெடக்கற இஞ்சினுக்கும் பிரேக்குக்கும் ஒரு ஒறவும் கெடையாது. அதுபாட்டுக்கு வந்த வெசையில முன்னால போகும். வண்டி சட்டுன்னு நின்னு, அது நாற்பது கிலோமீட்டர் வெசையோட போய் முட்டுனா, இருபதடி ஒசரத்துல இருந்து உட்ட அடி விழுகும். அறுபதுல முட்டுனா நாற்பத்தாறு அடி. உங்க சீட்டுக்குப் பொறகால ஒரு தகடு, அந்தத் தகட்டுக்கு இக்கட்ட உங்க மண்டை. நல்லா படிச்ச மண்டைதான், இருந்தாலும் தாங்காதுங்க.

“பசங்க ரெண்டு பேரைப் பொறகால உக்கார வெச்சுப் புடிச்சுக்கச் சொல்றேன் மாமா”ன்னு சொல்லீட்டு இருந்தீங்களாமா. நல்ல ரோசனைங்க! இஞ்சின் சரியறப்ப புடிக்கப் போனவன் இஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவால அரைபட்டுக்குவான். சரக்கு வண்டில ஆளு ஏத்துனதுக்குப் போலீஸ்காரரு தனியா ரசீது கிழிப்பாரு. அந்தப் பசங்களைச் சினிமாவுக்கு அனுப்பிப் போடுங்க. அந்தச் செலவு உங்களுக்குக் கம்மி.

கயித்தைப் பத்தித்தான் எல்லாருமே பேசுவாங்க. எனக்கு அதுக்கும் முந்தி ஒரு கேள்வி இருக்குது. இஞ்சின் எதும்மேல உக்காரப் போகுது? கடைக்காரப் பையன் செயின் பிளாக்குல தொங்கறதை அப்படியே வண்டித் தரைல எறக்கிப் போட்டு, “உக்காந்துருச்சுண்ணா”ம்பான். உக்காந்திருக்கறது ஆயில் சேம்பர் மேல. அது வெறுந் தகடுங்க. அதுக்குள்ள, அடில ஒரு விரக்கடை எடைவெளி உட்டு, ஆயிலை உறிஞ்சற வலை இருக்குது. ரோட்டுக் குழில ஒரு தூக்கு தூக்கிப் போட்டா சேம்பர் உள்ளார நசுங்கி அந்த வலையோட வாயை அடைச்சுரும். வெளியில பாத்தா சின்னச் சொட்டைதான், நீங்களும் பெருசா எடுத்துக்க மாட்டீங்க. இஞ்சினை மாட்டி, சாமி கும்புட்டு, எலுமிச்சங்காய் வெச்சு ஸ்டார்ட் பண்ணுவீங்க. ஆயில் லைட்டு அணையாது. பல்புல கோளாறுன்னு சொல்லிக்கிட்டே ஊரைச் சுத்துவீங்க. பெறகு பேரிங்கு புடிச்சுக்கும், கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்னு என்றகிட்டயே வந்து பொலம்புவீங்க.

அதனால வேலாங்கட்டையில ஒரு சட்டம் அடிச்சு எடுத்துட்டுப் போங்க. காருல இஞ்சினைத் தாங்கற மவுண்டிங் பிராக்கெட்டு இருக்குதில்லீங்களா, அதே ஓட்டைல போல்ட்டுப் போட்டுச் சட்டத்தோட முடுக்கிப் போட்டா சேம்பர் அந்தரத்துல நிக்கும். தச்சனுக்குக் கொடுக்கக் கை வரலீன்னா, லாரிப் பழைய டயரு ஒண்ணு. டயருக் குழிக்குள்ள சேம்பர் எறங்கோணும், பாரம் இஞ்சின் கட்டையோட ஓரத்துல தாங்கோணும், அடில பட்டுதான்னு குனிஞ்சு பாக்கோணும். தொப்பை எடஞ்சல் பண்ணும், இருந்தாலும் குனியுங்க. ஒண்ணு சொல்லிப்போடறேன், டயரு வெறும் நாற்காலிதான். டயருல வெச்சாச்சுன்னு கட்டாம வந்தா டயரும் இஞ்சினும் சேந்து நகரும். தரைல ஆயில் சிந்தியிருந்தா தொடைச்சுட்டு ரப்பர் பாய் விரிங்க. ஆயிலையும் தண்ணியையும் கடைலயே வடிச்சுருங்க. டீசல் பைப்பு வாய், மேனிபோல்டு வாய் எல்லாம் துணி அடைச்சுக் கட்டுங்க. எத்தனை துணி அடைச்சீங்கன்னு எழுதியும் வையுங்க, மாட்டறப்ப ஒண்ணு கொறஞ்சா எங்க போச்சுன்னு தேடோணுமில்ல.

எறக்கறதுக்கு வசதின்னு பின்கதவு ஓரமா வெப்பீங்க, எனக்குத் தெரியும். பின் சக்கரத்துக்கு அக்கட்ட பாரம் தொங்குனா முன்சக்கரம் லேசாகி ஸ்டேரிங்கு விளையாடும். முன்பலகையோட ஒட்டி வையுங்க. நடுவால எடம் இருந்தா மரக்கட்டையை வெச்சு முட்டுக் குடுங்க. ஓடறதுக்கு எடமில்லாத இஞ்சினுக்கு வெசையும் வராதுங்க.

இப்பக் கயித்துக்கு வருவோம். நம்ம டிரைவர் கட்டுவான் பாருங்க, மேல ஒரே கயித்தைப் போட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுத்து ஒரு முடிச்சு. பாடைல பொணத்தைக் கட்டறாப்பல. பொணத்துக்கு அது போதும், அது பிரேக் போட்டா முன்னால போகாது. இஞ்சினை நாலு மூலைக்கும் கட்டோணும். முன்னால ரெண்டு, பொறகால ரெண்டு, ஒண்ணை ஒண்ணு எதுத்து இழுக்கோணும், கீழ நோக்கியும் இழுக்கோணும். ஐரோப்பாக்காரன் லாரிச் சரக்குக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கறான். முன்னால போகாம இருக்க எடையில பத்துக்கு எட்டுப் பங்கைக் கட்டுத் தாங்கோணும், பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் பாதி. இருநூறு கிலோ இஞ்சினுக்கு முன்பக்கம் நூத்தி அறுபது, மத்த பக்கம் நூறு. இவனுக்கெப்படி இதெல்லாம் தெரியும்னு மொறைக்காதீங்க, லாரி ஆபீசுத் திண்ணைல நானும் சும்மா உக்காந்திருக்கலீங்க.

நைலான் கயிறு வேண்டாமுங்க. கட்டறப்ப முறுக்கா இருக்கும், சுந்தராபுரம் தாண்டறதுக்குள்ள இழுபட்டுத் தொங்கும். ராட்செட் பெல்ட்டு நாலு வாங்குங்க. எத்தனை கிலோ தாங்கும்னு பெல்ட்டுல தைச்ச சீட்டுலயே போட்டிருக்கும், சீட்டுப் போன பெல்ட்டை வாங்காதீங்க. கூரா இருக்கற எடத்துல பழைய டியூபை வெட்டி மடிச்சு வையுங்க. டைனமோ, பேன், பம்பு, நாசில் பைப்பு, மேனிபோல்டு, இதுல எதுலயும் பெல்ட்டு படக்கூடாது. அதெல்லாம் புடிக்க வாட்டமா நீட்டிக்கிட்டு இருக்கும், அதுலதான் எல்லாரும் கொக்கி மாட்டுவாங்க. பிராக்கெட்டு இருக்குது, கியர்பாக்ஸ் கூடு இருக்குது, அங்க கட்டுங்க.

பெறகு உக்கடம் புதுப்பாலம். 2024-ல தெறந்ததுல இருந்து அதுமேல ஏறுனா நம்ம டிரைவர் பசங்களுக்கு ஏரோப்பிளேன் ஓட்டற நெனைப்பு வந்துருது. எறக்கத்து வளைவுல மெதுவாப் போகச் சொல்லுங்க. எப்படியும் ஈச்சனாரில கும்புட நிப்பீங்க. கும்புட்டுட்டு வந்து ஒவ்வொரு பெல்ட்டையும் கையில அமுக்கிப் பாத்து, தளந்திருந்தா ரெண்டு பல்லு முறுக்குங்க. முதல் பத்து கிலோமீட்டர்லதான் பாரம் அமுந்து கட்டுத் தளரும். புள்ளையாரு வினையைத் தீப்பாரு, ராட்செட்டை முறுக்க மாட்டாருங்க.

பில்லு வாங்காம வந்துராதீங்க. 2014-ல கம்பெனிக்காரனே அம்பாசடரை நிறுத்திப்போட்டான், இனி கெடைக்கறதெல்லாம் எவனோ கழட்டுன இஞ்சின்தான். எந்த வண்டில இருந்து கழட்டுனதுன்னு அந்த ஆர்.சி. நகலும் வேணும். இஞ்சின் நம்பர் வேற ஆகறதால 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவு இருக்குது, ஆர்.டி.ஓ. ஆபீசுல சொல்லி உங்க ஆர்.சி.யில ஏத்தோணும். மாட்டறதுக்கு முந்தியே கேட்டுக்கறது நல்லது. உங்களுக்குத் தெரியாததா, நீங்கதான் பெரிய படிப்புப் படிச்சவரு.

சரீங்க, கோயமுத்தூர்ல ஏத்தறதுக்குக் கடைல செயின் பிளாக்கு இருக்குது. நம்மூர்ல எறக்கறதுக்கு என்ன வெச்சிருக்கறீங்க? வாசல்ல வேப்பமரம் இருக்குதுன்னு மட்டும் சொல்லீராதீங்க, அந்தக் கொப்பு போன நோம்பிக்கு ஊஞ்சல் கட்டுனப்பவே முனகுச்சு. போர் மோட்டார் தூக்கறவங்ககிட்ட முக்காலியும் செயின் பிளாக்கும் இருக்கும். இன்னைக்கே போன் போட்டுச் சொல்லி வையுங்க. அவங்க நாளைக்கு எவனோ தோட்டத்துல மோட்டார் எடுக்கப் போயிட்டாங்கன்னா, இஞ்சின் வண்டி மேலயே உக்காந்திருக்கும், டிரைவர் உங்க திண்ணைல காப்பி கேட்டு உக்காந்திருப்பான். வெயிட்டிங்குக்குத் தனி வாடகைங்க மாப்ளே, மணிக் கணக்கு.