தெரியவில்லை என்று சொல்ல நேரம்

1988 இறுதியில் தூர்தர்ஷனில் இரண்டு தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் வரும்போது, எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீடுகளில் திண்ணை வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' வரும்போது அதே கூடத்தில் நான், எங்கள் வரலாற்று வாத்தியார், அந்த வீட்டுப் பாட்டி, அவ்வளவுதான். மூவருக்கும் இந்தி வராது. நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வைப் படித்திருந்த வாத்தியார்தான் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்.

மொத்தம் 53 பகுதிகள். சிலப்பதிகாரம் வந்தது, சோழர்கள் வந்தார்கள். ரோஷன் சேத் நேருவாக வந்து பேசுவார். கதை சொல்லும் குரல் ஓம் புரியுடையது. அவரே ஔரங்கசீப்பாகவும் நடித்தார். கூத்தில் கட்டியங்காரன் கதையும் சொல்லி வேஷத்தோடும் பேசுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. நாடகத்தை நாடகம் என்று காட்டியே அந்தத் தொடர் நகர்ந்தது. "இதெல்லாம் நடந்ததா சார்?" என்று கேட்டேன். "இது நேரு நினைச்சுப் பார்த்தது தம்பி. நடந்ததுக்குச் சாட்சி கல்லுல இருக்கு, செப்பேட்டுல இருக்கு" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் கல்வெட்டியல் படிக்க வைத்தது. படித்து முடித்தபின், தொலைக்காட்சி வரலாற்று நிகழ்ச்சிகளுக்கு ஆய்வுக் குறிப்பு எழுதித் தரும் வேலை அமைந்தது. வேலைக்காகப் பழைய பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். 1957இல் ஐ.டி.வி.யில் ஏ.ஜே.பி. டெய்லர் ரஷ்யப் புரட்சியைப் பற்றிப் பேசினார். கையில் குறிப்பு இல்லை, திரையில் வேறு படம் இல்லை. கேமரா முன் நின்றபடி அரைமணி நேரம் ஒரு மனிதர் யோசித்துப் பேசுகிறார், நாடு கேட்கிறது. ஒரு வரலாற்றாசிரியரை நம்பி அத்தனை நேரத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அதைவிட என்னை ஈர்த்தவர் நோபிள் ஃபிராங்க்லண்ட். அப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். 1964இல் பி.பி.சி. 'தி கிரேட் வார்' என்று முதல் உலகப் போரைப் பற்றி 26 பகுதிகள் ஒளிபரப்பியது. உண்மையான போர்க்களப் படச்சுருளோடு, நடித்துப் படமாக்கிய காட்சிகளையும் பிரித்துச் சொல்லாமல் கலந்திருக்கிறார்கள் என்று அவர் ஆட்சேபித்தார். 1973இல் ஜெரமி ஐசக்ஸ் 'தி வேர்ல்ட் அட் வார்' எடுத்தபோது அதே ஃபிராங்க்லண்ட்தான் ஆலோசகர். அதுவும் 26 பகுதி. பெரிய தலைவர்களோடு நிற்காமல் உதவியாளர்களையும் செயலாளர்களையும் சாதாரண மனிதர்களையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். பார்த்தவர் பார்த்ததைச் சொல்கிறார் என்பது ஒவ்வொரு நிமிடமும் தெரியும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சேனலுக்காகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். பைட் கொடுக்க வந்தவர் பல ஆண்டுகள் அந்தச் சுவர்களைப் படித்த பேராசிரியர். தொகுப்பாளர் பெண் முதலிலேயே கேட்டது, "கோபுர நிழல் தரையில விழாதாமே ஐயா?" அவர் பொறுமையாகக் கை நீட்டினார். "அதோ பாருங்கம்மா, விழுந்து கிடக்கு. அதுல நாலு பேர் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடறாங்க." சிகரம் ஒரே கல் என்பதும் சரியில்லை, பல துண்டுகளை இணைத்தது என்றார்.

பிறகு விமானத்தின் அடித்தளத்தை ஒட்டி நடந்துகொண்டே பேசினார். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே மறந்துபோய்த் தலபுராணம் வேறு சோழனைச் சொல்லிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் இந்த எழுத்துகளைப் படித்த பிறகே ராஜராஜன் பெயர் உறுதியானது என்றார். தான் கொடுத்ததையும், அக்கா கொடுத்ததையும், மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்து வெட்டச் சொன்ன அரசனைப் பற்றிச் சொன்னார். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியலுக்கு வந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தையற்காரரும் நாவிதரும் வண்ணாரும் அதே சுவரில் இருக்கிறார்கள். குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவே விலாசத்தோடு கல்லில் நிற்கிறது. நான் மெய்மறந்து கேட்டேன்.

ஒளிபரப்பில் அவர் வந்தது சில நொடிகள். சோழர் கட்டடக்கலை வியப்புக்குரியது என்ற ஒரு வாக்கியம். மேலே ஓடிய தலைப்பு, நிழல் விழாத மர்மம். நிழலைக் காட்டிய அந்தக் கை எடிட்டிங்கிலேயே போய்விட்டது.

'பொன்னியின் செல்வன்' படம் 2022இல் வந்தபோது விவாத மேடைகளில் எல்லா வரலாற்றாசிரியர்களிடமும் ஒரே கேள்விதான்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. அவர்களைச் சேர்ந்தோரின் சொத்தைப் பற்றிப் பேசுகிறது. பின்னால் இருந்து தூண்டியது யார் என்று அது சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார், பின்னால் வந்தவர்கள் பலர் மறுத்தார்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் வரலாறு என்ற துறையே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்று செயற்கை நுண்ணறிவு வரைந்த ராஜராஜன் முகம் கைபேசிக்குக் கைபேசி போகிறது, மீசை முறுக்கோடு. ஆனால் அதே கோயிலின் உள் சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியம் இருக்கிறது. அதில் முனிவருக்குப் பக்கத்தில் நிற்பவர் ராஜராஜன்தானா என்பதில் இன்னும் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஓவியத்தைக் காட்டி அந்த விவாதத்தையும் சொன்னால் பார்ப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஸ்டுடியோவில் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை.

ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவி கைபேசியோடு வந்து அதே பேராசிரியரைப் படம் எடுத்தாள். ஒரு சிறிய கோயில், ஒரே ஒரு கல்வெட்டு. திருப்பணியில் பூசிய சிமென்டுக்குள் இரண்டு வரி போய்விட்டது. "இந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலம்மா" என்று அவர் சொல்வதை அவள் வெட்டவில்லை. அந்த நீண்ட படத்துக்குக் கீழே ஆட்கள் தங்கள் ஊர்க் கோயில் சுவரைப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். பாதிக்கு மேல் பிற்காலத்தவை. ஒன்றில் மட்டும் எழுத்தமைதி பழையதாகத் தெரிகிறது என்று பேராசிரியர் மைப்படி எடுக்கத் தாளும் மையும் வாங்கி வைத்துவிட்டு, அந்த ஊருக்குப் பஸ் எங்கே ஏறுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.