மருமகன், அழிச்சாப் போதுமா?

மருமகன், இங்க வா. நீ மெயில் பாக்கிற தண்டர்பேர்டில குப்பை மெயில் குவியுதெண்டு உப்புக்குளம் முழுக்கப் புலம்பித் திரியிறாயாம். ஒவ்வொண்டா அழிச்சு விரலும் தேஞ்சு போச்சாம். நீ கோபத்தில அழிச்சியா, வாசிச்சு முடிச்சு அழிச்சியா எண்டு தண்டர்பேர்டுக்கு எப்பிடித் தெரியும்? 'ஜங்க்' எண்டொரு பொத்தான் இருக்கு, அதை அமத்து. அமத்தக் கள்ளமெண்டா கீபோர்டில 'ஜே' எழுத்தைத் தட்டு.

அதோட வேலை முடியாது. கரவலை இழுத்த கையோட, புதுப் பொடியனுக்குப் பேத்தை மீனை மட்டும் காட்டி "இது ஆகாது" எண்டு சொல்லிப்போட்டு நீ தேத்தண்ணிக்குப் போனா, அவன் பாரையையும் சேத்து எறிவான். நல்லதையும் காட்டவேணும். ஜங்க் பெட்டிக்குள்ள விழுந்த நல்ல கடிதத்தை 'ஜங்க் இல்லை' எண்டு சொல்லி வெளியில எடு. சேர்வரில குப்பை மெயிலுக்குக் காவல் நிக்கிற ஸ்பாம்அசாசின் கூட, நல்லதில 200, கெட்டதில 200 படிக்குமட்டும் சொல்லை எண்ணிக் குப்பை பிடிக்கிற கணக்கில வாயே திறக்காது. நீ ஏழெட்டை அமத்திப்போட்டு "இது சரிவராது மாமா" எண்டுறாய்!

இந்தக் கணக்கு ஆர்ட தெரியுமா? தோமஸ் பேயிஸ் எண்ட இங்கிலாந்துப் பாதிரியார்ட. 1761ல அவர் மௌத்தாகி, 1763லதான் கட்டுரை அச்சேறினது. 2002ல போல் கிரகாம் எண்டவர் அதை வைச்சு மெயில் வடிகட்டுறதைப் பற்றி எழுத, எல்லாரும் பிடிச்சுக்கொண்டினம். ஒரு சொல் குப்பையில எத்தினை தரம் வந்தது, நல்லதில எத்தினை தரம் வந்தது எண்டு எண்ணி வைச்சு, அதைக் கொண்டு புதுக் கடிதத்துக்குத் தீர்ப்புச் சொல்லுற வேலை.

நீ என்ன செய்தாய்? கடன் கட்டச் சொல்லி பேங்க் எழுதினதையும் 'ஜங்க்' எண்டு அமத்தினாய். இனிச் சம்பளக் கடிதமும் அதே சொல்லோட வந்து குப்பையில விழும். பிடிக்காததெல்லாம் குப்பையெண்டா, மாமியையும் அதுக்குள்ளதான் தேடவேணும்.

நீ படிப்பிச்ச பாடம் உன்ட கொம்பியூட்டரிலதான் கிடக்கும். போனுக்கு அது தெரியாது. படிப்பிச்சதை முழுக்க அழிச்சுத் திரும்பத் தொடங்கவும் செற்றிங்கில பொத்தான் இருக்கு. உனக்கு அதுதான் மருந்து.

வெள்ளிக்கு வெள்ளி ஜங்க் பெட்டியை ஒருக்காத் திறந்து பார், கத்தார் மச்சான்ட கடிதம் கிடந்தாலும் கிடக்கும். செத்துப்போன மந்திரி ஒருத்தர்ட மில்லியன் டொலரில பாதி தாறம் எண்டு எழுதினவனுக்கு மட்டும் பதில் போட்டிடாத. உன்ட கையைப் பிடிக்கிற பொத்தானை இன்னும் ஆரும் செய்யல்ல.