மணப்பாறைக்கு எதற்கு லண்டன் வரைபடம்?

இந்த இதழில் ஆங்கிலப் பாடம் பற்றிய கேள்விகள் மட்டும்.

கே: என் மகனுக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். கட்டணம் கையைக் கடிக்கிறது. இருந்தாலும் உள்ளூர் டீச்சரைவிட அவர்தானே மேல்?
— ஒரு தாய், நாமக்கல்

ப: அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். பிறந்ததிலிருந்து பேசுகிறார் என்பது மட்டும் தகுதியாகாது. நீங்களும் நானும் பிறந்ததிலிருந்து தமிழ்தான் பேசுகிறோம். 'மரம்' எப்படி 'மரத்தை' ஆகிறது என்று ஒரு பீகார் இளைஞர் கேட்டால் சட்டென்று விளக்கிவிட முடியுமா? உங்கள் ஊர் டீச்சர் ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர். எங்கே இடறும் என்பது அவருக்குத் தெரியும். பையன் திணறும்போது தமிழில் ஒரு வரி சொல்லிக் கைகொடுக்கவும் தெரியும். அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல கதைப் புத்தகங்கள் வாங்குங்கள்.

கே: ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் எங்கள் பள்ளியில் அபராதம். இது சரியா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

ப: தவறு. 1961-இல் உகாண்டாவின் மக்கெரெரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே நடத்த வேண்டும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, பிற மொழி கலந்தால் தரம் கெடும் என்ற ஐந்து நம்பிக்கைகள் அங்கே வலுப்பெற்றன. 1992-இல் வெளியான தன் நூலில் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் இந்த ஐந்தையும் எடுத்து, ஐந்துமே பிழையான வாதங்கள் என்று எழுதினார். உன் பள்ளி இன்னும் 1961-இல் இருக்கிறது, மகளே. அபராத ரசீது கொடுத்தால் அதைப் பெற்றோரிடம் காட்டு. அவர்கள் வந்து கேட்கட்டும்.

கே: எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்குமா?
— வாசகர், திருநெல்வேலி

ப: கடினம். அங்கே ஆங்கில உரையாடல் கற்பிக்க வருவோருக்கான விசா, அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்கள் உதவி ஆசிரியராகச் செல்ல ஒரு சின்னக் கதவைத் திறந்தது. தூதரகத்தில் விசாரியுங்கள். அந்த ஏழு நாடுகளில் பிலிப்பைன்ஸ் இல்லை. ஆனால் கொரிய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக பிலிப்பைன்ஸின் செபுவுக்கும் பாகியோவுக்கும் போய், பிலிப்பினோ ஆசிரியர்களிடம்தான் ஆங்கிலம் கற்று வருகிறார்கள். கற்பிக்கும் திறமை எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. விசா விதிக்கு இன்னும் தெரியவில்லை.

கே: வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பாடநூலை வாங்கிவிட்டார்கள். லண்டன் பாதாள ரயில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டுமாம். என் பிள்ளைகள் திருச்சியைத் தாண்டியதில்லை. என்ன செய்ய?
— ஆங்கில ஆசிரியை, மணப்பாறை

ப: உங்களுக்கு முன்பே ஒரு தமிழர் இந்தச் சிக்கலில் மாட்டி, அதிலிருந்து உலகம் படிக்கும் ஒரு நூலை எழுதினார். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க் காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். வகுப்பில் இருந்ததோ நன்கொடையாக வந்த ஓர் அமெரிக்கப் பாடநூல். வெளியே குண்டுவீச்சு, உள்ளே அமெரிக்க நகரத்து மனிதர்களின் உரையாடல்! மாணவர்கள் அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் என்ன கிறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவர் பார்த்தார். தமிழ் வரிகள், சினிமா, போராட்டம், பாடத்தில் வரும் ஆட்களுக்குப் புது உருவம் கொடுத்த படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. அச்சடித்த பாடத்தின் பக்கத்திலேயே பிள்ளைகள் தங்கள் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. இலக்கணம் சொல்லிக் கொடுங்கள், தேர்வுக்கு வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். அவர்களுக்கு ஒட்டாதது அந்தப் புத்தகம் காட்டிய வாழ்க்கை. 1999-இல் வெளிவந்த அவர் நூல், ஆங்கிலத்தை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம், நம் தேவைக்கு வளைத்துக்கொள்ளலாம் என்று வாதிடுகிறது.

எனவே வழி சொல்லும் பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை மாற்றுங்கள். மணப்பாறை பேருந்து நிலையத்திலிருந்து மாட்டுச் சந்தைக்கு எப்படிப் போவது என்று வெளியூர் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். வலது, இடது, நேராக, எதிரே, பக்கத்தில் எல்லாம் வந்துவிடும். தெரிந்த இடம் என்பதால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். அதன் பிறகு லண்டனைக் காட்டுங்கள். அதையும் அவர்கள் பார்க்கத்தான் வேண்டும்.

கே: என் உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இல்லை என்று நேர்முகத் தேர்வில் பயமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவி, விருதுநகர்

ப: அப்படி இருக்கத் தேவையில்லை, எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதும். இன்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இருவருமே அதைக் கற்றுக்கொண்டவர்களாக இருப்பது சாதாரணம். அத்தகையோர் எங்கே ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போகிறார்கள் என்று மொழியியலாளர் ஜெனிபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் நூலாக்கினார். நாம் உயிரை விட்டுப் பழகும் ஆங்கில 'th' ஒலிகள் பிசகினால் பெரிய நஷ்டமில்லை என்பது அவர் முடிவு. உயிரொலியின் நீளம் முக்கியம் என்றார். குறில் நெடில் படித்த நமக்கு அது பழகிய பாதை. நமக்கு உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில். 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது மூட்டை கட்டுவதா, முதுகா, பையா? மூன்றுக்கும் நமக்கு ஒரே எழுத்துகள். அந்த ஒலிகளைப் பிரித்துச் சொல்லத் தினம் பத்து நிமிடம் பழகுங்கள். மற்றபடி உங்கள் குரல் விருதுநகர்க் குரலாகவே இருக்கட்டும்.

கே: கப்பலில் பேசும் ஆங்கிலம் பள்ளியில் படித்ததுபோல் இல்லையே?
— மாலுமி, தூத்துக்குடி

ப: இருக்கக் கூடாது. 2001-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் பேச்சுக்கென்று நிலையான சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. 'மைட்' (might), 'குட்' (could) போல இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய சொற்களை அது தவிர்க்கச் சொல்கிறது. வானத்திலும் இதே கதைதான். 1977-இல் டெனரிப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானத்திலிருந்து போன ஆங்கில வாக்கியம், புறப்படத் தயார் என்பதா, ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதா என்று கோபுரத்தில் இருந்தவருக்கு விளங்கவில்லை. பனிமூட்டம், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வானொலி அழைப்புகள் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. இன்று சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் திறன் அளவுகோல் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தங்கள் ஊர்வழக்கை விட்டுத் தெளிவாகப் பேசவேண்டும் என்கிறது அதன் வழிகாட்டி நூல்.

கே: இலக்கணமா, பேச்சா, எது முதலில்?
— பயிற்சி ஆசிரியர், தஞ்சாவூர்

ப: வேலை முதலில். 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வி நிபுணர் என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பிள்ளைகளின் கவனம் விடையில் இருந்தது, ஆங்கிலம் அதன் வழியே வந்தது. செயல்வழி ஆங்கிலம் என்று இன்று உலகமெங்கும் பேசுகிறார்களே, அதன் வேர்களில் ஒன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து முறைகள் இறக்குமதியாவதை மட்டுமே பார்த்துப் பழகிய நாம் இதைப் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். அதே பிரபு 1990-இல், எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று ஏதுமில்லை என்றும் எழுதினார். தஞ்சாவூரில் உங்கள் வகுப்புக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

கே: கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தினால் ஆங்கிலம் தானாக வந்துவிடாதா?
— வாசகர், ஈப்போ, மலேசியா

ப: உங்கள் நாட்டிலேயே 2003-இல் அதைச் செய்தார்கள், தமிழ்ப் பள்ளிகளிலும் நடந்தது. 2009-இல் கைவிட முடிவெடுத்தார்கள். கிராமப்புறப் பிள்ளைகள் பின்தங்கியது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. புரியாத மொழியில் கணக்குச் சொன்னால் இரண்டும் போகும்.

கே: பாதியில் படிப்பை விடும் பிள்ளைக்கு ஆங்கிலத்தால் என்ன லாபம்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டிவனம்

ப: இதே கேள்வியை டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வி அதிகாரி 1926-இல் கேட்டார். காப்பீட்டு பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ வருமே, அதுபோல ஒரு பாடத்துக்கும் சரண்டர் மதிப்பு உண்டு என்றார். பேசப் பாதி கற்றுவிட்டு நின்றால் மிஞ்சுவது சொற்பம். வாசிக்கக் கற்றுவிட்டு நின்றால் அது கையில் இருக்கும், தானே வளரும். வங்காளப் பிள்ளைகளுக்கு வாசிப்பே முதல் தேவை என்று கண்டு, எளிய சொற்களில் வாசிப்பு நூல்கள் எழுதினார். எட்டாம் வகுப்போடு நிற்கும் பிள்ளை மாத்திரை அட்டையையும் ஒப்பந்தத் தாளையும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பாடத்திட்டம் போடுபவர்கள் அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துத் தொடங்கட்டும் என்பது என் ஆசை.

கே: ஊரில் ஆங்கிலப் பயிற்சி மையம் தொடங்குகிறேன். நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள்.
— இளைஞர், அரூர்

ப: முதலில் இருபது வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தம்பி. ஆங்கிலம் அவர்களை எங்கே மடக்குகிறது என்று கேளுங்கள்: வங்கிப் படிவமா, நீதிமன்ற நோட்டீஸா, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் மேலாளரா? குறித்துக்கொண்டு வாருங்கள். அதுதான் உங்கள் பாடத்திட்டம். பெயரை அடுத்த இதழில் யோசிக்கலாம்.