எனக்கு நானே கருணை காட்டிய கதை

எனக்கு மனச்சோர்வு உண்டு; கூடவே பதற்றமும். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி என்று கேட்பீர்கள். எழுந்து எதையும் செய்ய மனம் வராமல் படுத்தே கிடப்பேன். செய்யாமல் கிடக்கிற வேலைகளை நினைத்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உடம்பு ஓய்வில், உள்ளம் ஓவர்டைமில்.

குன்றத்தூரில் இதற்கு வைத்தியம் சொல்லாத ஆளே இல்லை. ராகு பார்வை என்றார் ஒருவர். நல்லவேளை, பரிகாரத்துக்குக் கும்பகோணம் பக்கம் போக வேண்டியதில்லை. சேக்கிழார் கட்டிய வடநாகேஸ்வரம் கோயில், ராகு தலம், உள்ளூரிலேயே இருக்கிறது. பாலாபிஷேகம் ஆயிற்று. “மாத்திரையெல்லாம் எதுக்கு சார், நிறுத்திடுங்க” என்றார் பிரஷருக்கு வேளை தவறாமல் மாத்திரை போடும் இன்னொருவர். “உனக்கென்னப்பா குறைச்சல், சொந்த வீடு!” என்றார் சித்தப்பா. கடன் என்னுடையது, வீடு பேங்க்குடையது என்பதை அவருக்கு விளக்கத் தெம்பில்லை.

மனநல டாக்டர் மட்டும் மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு, “உங்க மேல நீங்களே கொஞ்சம் கருணை காட்டுங்க சார்” என்றார். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதை மூன்றாக வகுத்திருக்கிறார்: தன்னிடம் கனிவு, இந்தப் பாடு நமக்கு மட்டுமல்ல என்ற உணர்வு, வலியை ஊதிப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது.

குடும்பஸ்தனுக்கு எதையும் முறையாகச் செய்ய வேண்டும். காலை 6.15 கருணை, 6.30 ஆவின் பால் என்று அட்டவணை போட்டேன். முதல் நாளே தூங்கிவிட்டேன். ‘தன் மேல் கருணை காட்டக்கூட வக்கில்லாத ஜென்மம்’ என்று பால் பொங்கும்வரை என்னைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, “நீ நல்லவன், உன்னால் முடிந்ததைச் செய்கிறாய்” என்றேன். “ஏங்க, உள்ள யாரோட பேசறீங்க? கீசர் ஓடிட்டிருக்கு” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. கரண்ட் பில்லுக்கு முன் கருணை நிற்குமா?

தடங்கல் வெளியே மட்டும் இல்லை. எனக்குள் ஒரு பி.டி. மாஸ்டர் விசிலும் வாயுமாகக் குடியிருக்கிறார். ஒருநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். மாடித் தொட்டி நிரம்பி, சன்ஷேடு வழியாகத் தண்ணீர் இறங்கி, காயப்போட்ட வடகத்தைத் திரும்பவும் கூழாக்கிவிட்டது. “சார், டேங்க்!” என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். உள்ளே விசில் பறந்தது: ‘ஒரு சுவிட்சை அணைக்கத் துப்பில்லை, நீயெல்லாம் பெண்ணை எப்படிக் கட்டிக்கொடுக்கப் போகிறாய்?’ தொட்டியிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு ஒரே தாவல். பெண் ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள்.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் தொட்டி வழிந்தது. பதறி ஓடிவந்தவரிடம், “விடுங்க சார், மறதி யாருக்குத்தான் இல்ல? ஒரு சென்சார் மாட்டிட்டா முடிஞ்சுது” என்றேன் தேன் ஒழுக. ஊர்த் தண்ணீருக்கு ஒரு சட்டம், என் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு சட்டம்.

‘நமக்கு மட்டுமல்ல’ என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. எங்கள் தெருவிலேயே சங்கம் ஆரம்பிக்கலாம். செயலாளர், பொருளாளர் பதவிக்குப் போட்டியே வரும். ஆனால் யாரும் கையைத் தூக்க மாட்டோம். சுகர் மாத்திரை சாப்பாட்டு மேஜை மேல் இருக்கும். மனசுக்கான மாத்திரை உளுந்து டப்பாவுக்குப் பின்னால். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனையைக் கீழ்ப்பாக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘கீழ்ப்பாக்கம்’ என்பதை வசவாகவே சொல்லி வளர்ந்த சென்னைக்காரர்கள் அல்லவா!

கருணை அதிகமானால் சோம்பேறியாகிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. பயத்தில் நியாயம் உண்டு. “இன்னிக்கு என் மேல கனிவா இருக்கேன், குப்பையை நீயே வெச்சிடு” என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். “கனிவா இருங்க, யார் வேணாம்னா? வேளைக்கு மாத்திரை போடுங்க, டாக்டர் சொன்ன தேதிக்குப் போங்க, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போனை நோண்டாதீங்க. குப்பை வண்டி வந்தாச்சு” என்றாள். கிறிஸ்டின் நெஃப் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

தன்னை வருத்திக்கொள்வதில் நானும் லேசுப்பட்ட ஊர்க்காரன் இல்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த மண் இது. அதில் சிவனுக்காகக் கண்ணப்பர் கண்ணை இடந்தார். அரிவாட்டாயர் கழுத்தில் அரிவாளை வைத்தார். மூர்த்தி நாயனார் சந்தனம் கிடைக்காமல் முழங்கையைக் கல்லில் தேய்த்தார். தன்னை வதைப்பதே மேன்மை என்று பாதிக் கதையோடு முடிவுகட்டியிருந்தேன். மீதியில்தான் விஷயம். மூன்று பேரையும் தடுத்தது சிவன்தான். ஒருவருக்கு லிங்கத்திலிருந்தே கை நீண்டு வந்து பிடித்துக்கொண்டது. அத்தனை பெரிய பக்திக்கே ‘போதும்’ என்று ஒரு கை குறுக்கே வந்ததென்றால், வடகம் நனைந்த குற்றத்துக்கு ஒரு கை வரக்கூடாதா?

வரத்தான் செய்கிறது. சில நாள் மனைவியின் கை, சில நாள் டாக்டரின் கை. எங்கள் ஊர் முருகன் கோயிலின் 84 படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி, மாஸ்டர் விசிலை எடுத்தபோது, “உக்காருப்பா, முருகன் எங்கயும் போயிட மாட்டான்” என்று முந்தானையால் படியைத் தட்டிவிட்ட பாட்டியின் கை. யாரையும் எழுப்ப முடியாத நள்ளிரவுக்கு, மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது: 14416. காசில்லை, தமிழிலேயே பேசலாம். என் சொந்தக் கையும் பழகிக்கொண்டிருக்கிறது, மெதுவாக.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களையே இவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கீங்களே, இது கருணைல சேருமா?” என்றாள்.

சேரும். மாஸ்டர் என்னை ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. அதற்குக் கொஞ்சம் பிரியம் வேண்டும்.