புழுக்கையா, பற்றவைப்பா?

கேள்வி: பழைய ரேடியோ திருத்திப் பழக ஆசை. மலிவான சோல்டரிங் அயன் செட் எதை வாங்கலாம்?
– வாசகர், புளியங்குளம்

பதில்: போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றியே ரேடியோ கேட்ட வன்னியிலிருந்தா இந்தக் கேள்வி! சூட்டைக் கூட்டிக் குறைக்கிற 60 வாட் அயன் போதும். முனை கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். செட்டோடு வரும் சில்லறைச் சாமான்களில் மயங்காமல், நடுவில் ரெசின் உள்ள நல்ல ஈயக்கம்பிக்குக் காசைப் போடுங்கள். வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற கலவை 183 பாகை செல்சியஸில் உருகிச் சட்டென இறுகும்.

அயனில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பாதீர்கள். உதிரிப்பாகத்தின் காலையும் செப்புத் தடத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அங்கே கம்பியை வையுங்கள். மினுங்கிப் பரவினால் பற்றவைப்பு. உருண்டு நின்றால் ஆட்டுப்புழுக்கை! வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டே சோறு. காரீயம் ரேடியோவுக்குத்தான் நல்லது, வயிற்றுக்கு அல்ல.