நிந்தவூர் வாசகரின் கையிருப்பு: சரித்திர நாவல்களின் பாகங்கள் வீடு மாறும் முறை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வெல்லையை முதலில் வரைந்துகொள்வது மரபு. வடக்கே காரைதீவு, தெற்கே களியோடை, கிழக்கே கடல், மேற்கே வயல். இந்த நான்குக்கும் நடுவில், அஸர் தொழுகை முடிந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை உள்ள பொழுதில், ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "இப்ப கையில என்ன வாசிப்பு?" என்று கேட்டால் நிகழ்வது என்ன என்பதே ஆய்வுப் பொருள். களியோடைப் பாலத்தைத் தாண்டினால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. பாலத்துக்கு இப்பால் இவ்வளவு தரவு சும்மா கிடப்பது அதன் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே பட்டம் ஏதும் எதிர்பாராமல் நாமே இறங்க வேண்டியதாயிற்று.

தரவு திரட்டிய களங்கள் மூன்று: கடற்கரை மணல், தேத்தண்ணிக் கடை வாங்கு, கலியாண வீட்டில் சோற்றுச் சஹன் வந்து சேரும்வரை பாயில் உட்கார்ந்திருக்கும் இடைவேளை. கடைசியாகச் சொன்னதுதான் மிக வளமானது. பசித்திருப்பவன் பொய் சொல்ல மெனக்கெடுவதில்லை.

முதலில் ஒரு மாதிரி உரையாடல். கடையில் பதிவானது, பதிவாளரின் தேத்தண்ணி ஆறிப்போனதைத் தவிர வேறு சேதமில்லை.

"காக்கா, இப்ப என்ன வாசிக்கிறீங்க?"

"கடல்புறா. ரெண்டாம் பாகம்."

"முதலாம் பாகம் முடிஞ்சிட்டா?"

"அது எங்க கிடைச்ச? இதுதான் கிடைச்சிச்சி."

"மூணாம் பாகம்?"

"அது மச்சான்ட வீட்ட இரிக்கி. அவரு இன்னும் தொடங்கல்ல. ஆனா தரவும் மாட்டாரு."

இந்த ஆறு வரிக்குள் முழுக் கோட்பாடும் அடங்கியிருக்கிறது. நிந்தவூரில் சரித்திர நாவல் வாசிப்பவர் நூலின் பெயரைச் சொல்லி நிறுத்துவதில்லை. பாக எண்ணைச் சொல்வார். எண் சொல்லாமல் "பொன்னியின் செல்வன்" என்று மட்டும் சொல்பவர் அதை வாசிக்கவில்லை, படம் பார்த்திருக்கிறார். மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலுமாக இரண்டு பாகமாய் வந்தபின் இவ்வகையினர் பெருகினர். ஒரு கேள்வியில் இவர்களைப் பிரித்துவிடலாம். "பூங்குழலி எப்படி?" என்றால் வாசித்தவர் கோடிக்கரைப் படகைப் பற்றிப் பேசுவார். மற்றவர் நடிகையைப் பற்றிப் பேசுவார்.

இனி, பாகங்கள் ஏன் வரிசையாகக் கிடைப்பதில்லை என்ற கேள்வி. வாசகரின் ஒழுங்கீனமே காரணம் என்று மேம்போக்கானவர்கள் சொல்வார்கள். வரலாறு வேறு சொல்கிறது.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் பாதுகாத்தார்கள். தமிழ் வாசிக்கும் ஊர்களில் எல்லாம் நடந்த வேலைதான் இது; கரவலை பொத்தத் தெரிந்த ஊரில் தையல் சற்று உறுதியாக விழுந்தது. இப்படிக் கட்டிய தொகுதிக்கு ஆசிரியர் வகுத்த பாகப் பிரிவு தெரியாது. ஊசி நுழையும் கனம் வந்ததும் ஒரு பாகம் முடியும். முதலாம் பாகமான புது வெள்ளத்தின் கடைசி அத்தியாயங்களும் இரண்டாம் பாகமான சுழற்காற்றின் முதல் அத்தியாயங்களும் ஒரே அட்டைக்குள் குடியிருக்கும். தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களை யாராவது வெட்டி எடுத்திருப்பார்கள். மறுபக்கக் கதையில் அந்த அளவுக்குச் சன்னல் திறந்திருக்கும். அதன் வழியே பழுவேட்டரையர் பாதி முகமாகத் தெரிவார்.

எழுபதுகளில் வந்தது அடுத்த திருப்பம். தென்னிந்திய வார இதழ்களின் இறக்குமதியை அன்றைய இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. இங்குள்ள எழுத்தாளருக்கு அது நல்ல காலம்; வீரகேசரி பிரசுரங்கள் வரிசையாக நாவல்களைக் கொண்டுவந்தது அப்போதுதான். சரித்திர நாவல் பித்துப் பிடித்தவருக்கோ பஞ்ச காலம். புதிய பிரதி வராதபோது பழைய பிரதிக்குக் கிராக்கி ஏறும் என்பது பொருளியல். கிராக்கி ஏறிய பிரதி ஒரே வீட்டில் தங்காது என்பது நிந்தவூரியல். முழு நூலையும் ஒருவருக்குக் கொடுத்தால் திரும்பி வராதபோது முழு நட்டம். ஒவ்வொரு பாகத்தை ஒவ்வொருவருக்குக் கொடுத்தால் நட்டமும் பகிரப்படும். காப்புறுதிக் கம்பனிகள் இதைத்தான் வேறு பெயரில் செய்கின்றன.

ஆனால் இவையெல்லாம் துணைக் காரணங்கள். பாகங்கள் சிதறுவதற்கு மூலகாரணம் கலியாணம்.

விளக்கம் தேவை. கிழக்குக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பதே வழக்கம். மாப்பிள்ளை தன் உம்மாவின் வீட்டிலிருந்து புறப்பட்டு மனைவியின் வீட்டில் போய்க் குடியேறுகிறார். குடிமுறையும் இங்கே தாய்வழிதான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் தொடங்கிப் பல தடவை அக்கரைப்பற்றில் வந்து தங்கி, இந்தக் குடிகளையும் சீதன வீடுகளையும் துருவி ஆராய்ந்து 2008இல் பெரிய நூலாகவே வெளியிட்டிருக்கிறார். அவர் கவனிக்காமல் விட்டது அலமாரியை.

மாப்பிள்ளை போகும்போது என்ன கொண்டு போகிறார்? சாறன், சேட்டு, கைக்கடிகாரம், சைக்கிள். புத்தகங்களைக் கொண்டு போவதில்லை. புது மாப்பிள்ளை சாண்டில்யனின் கடல்புறாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமி வீட்டுப் படியேறினால் ஊர் என்ன சொல்லும்? அதுவும் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் உள்ளே இருக்க. ஆகவே புத்தகங்கள் உம்மா வீட்டிலேயே நிற்கின்றன. அந்த வீடு சில வருடங்களில் தங்கச்சிக்குச் சீதனமாகிறது. தங்கச்சியின் மாப்பிள்ளை வேறெங்கோ இருந்து, தன் புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டு, இங்கே வருகிறார். வந்த இடத்தில் தயாராக ஒரு அலமாரி.

புத்தகம் பெண்வழியில் நிலைக்கிறது, வாசகன் மணவழியில் நகர்கிறான் என்பதே இவ்வாய்வின் நடுக் கண்டுபிடிப்பு. நிந்தவூரில் எந்த ஆணும் தான் சேர்த்த நூலகத்தில் வாசிப்பதில்லை. மச்சான் சேர்த்ததைத்தான் வாசிக்கிறான். தன்னுடையதை இன்னொரு மச்சான் வாசித்துக்கொண்டிருக்கிறான். இருவரும் பெருநாளைக்குச் சந்திக்கும்போது எதைப் பற்றிப் பேசுவது என்ற சங்கடம் இதனால் எழுவதேயில்லை. பெண்கள் மட்டும் முதலாம் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம்வரை இருந்த இடத்திலேயே இருந்து வாசித்து முடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்பதில்லை. இந்த ஆய்வும் கலியாண வீட்டின் ஆண்கள் பக்கத்துப் பாயில்தான் நடந்தது என்பது இதன் பெரிய ஓட்டை. ஒரு ராத்தாவிடம் கேட்டபோது மட்டும், "கொலைவாள்ல கொலை இல்ல தம்பி, அது பிறகுதான் வரும். உங்கட காக்கா அதுல தேடித் தேடித்தான் நாலு மாசமாப் பிடிச்சி வெச்சிரிக்காரு" என்று பதில் வந்தது. பெயரை நம்பி மூன்றாம் பாகத்தில் ஆதித்த கரிகாலனின் கொலைக்காகக் காத்திருப்பவர்களே அதைத் திருப்பித் தராமைக்கு முதற்காரணம் என்ற துணை முடிவு அந்த ஒரு வாக்கியத்தில் நமக்குக் கிடைத்தது.

வரிசை மாறி வாசிப்பதன் விளைவு இலக்கிய விமர்சனத்திலும் தெரிகிறது. நந்தினியை நாலாம் பாகத்தில் முதன்முதலாகச் சந்தித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவள் பாவம் என்றே இன்றும் வாதாடுகிறார். முதலாம் பாகத்தின் தொடக்கத்திலேயே நின்றுபோனவருக்கு அவள் மூடுபல்லக்கு மட்டும்தான். இருவரும் ஒரே நாவலைப் பற்றி மாலைக்கு மாலை சண்டை பிடிக்கிறார்கள், இருவர் சொல்வதும் சரி.

பாகம் காணாமற்போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றை நாம் சோதனைக்கு எடுக்கவில்லை. "அது சுனாமியில போய்ட்டு." 2004 டிசம்பர் 26 கடலோர வீடுகளில் எதை எடுத்தது, எதை விட்டது என்று தரவுப் படிவத்தோடு போய்க் கேட்க எந்த ஆய்வாளனுக்கும் உரிமை கிடையாது. உப்பூறி, தாள் விறைத்து, விரித்தால் சரசரக்கும் பிரதி ஒன்றை ஒரு வீட்டில் காட்டினார்கள். அதை இரவல் கேட்கவில்லை.

புதிய தலைமுறையிடம் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதாக ஒரு கருத்து நிலவுகிறது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானதால் ஐந்து பாகமும் பீடிஎப்பாக இலவசம். போதாததற்கு 2022இல் இலங்கை ரூபாய் விழுந்தபோது, முன்பு இரண்டரைக்குச் சற்று மேலிருந்த இந்திய ரூபாய் நாலரையைத் தாண்டிவிட்டது. சென்னைப் புத்தகத்தின் பின்னட்டை விலையைப் பெருக்கிப் பார்த்தவர்கள் புத்தகத்தை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள். எனவே வாட்ஸ்அப்பில் கோப்பு பறக்கிறது. "என்ன வாசிக்கிறாய் தம்பி?" என்றால், "எல்லாம் போன்ல இரிக்கி சேர்" என்கிறான். இரிக்கி என்பது வாசிப்பைக் குறிக்காது. கையில் ஒரு பாகம் இருந்தவன் மற்ற நாலைத் தேடி ஊரெல்லாம் அலைந்தான். ஐந்தும் கையில் இருப்பவன் எங்கேயும் போவதில்லை, முதலாம் பாகத்தில் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரைமேல் உட்காரவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறான். குதிரையின் நிலை குறித்துத் தனி ஆய்வு வேண்டும்.

அடுத்து, ஊரில் மெல்லிய குரலில் சொல்லப்படும் ஒரு மனக்குறையைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. சுழற்காற்றில் வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிறான். பூங்குழலியின் படகில் கடல் கடக்கிறான், காடுகளுக்குள் அலைகிறான், தம்பளைக்குப் போகிறான், அநுராதபுரத்தைப் பார்க்கிறான். கிழக்குக் கரைக்கு மட்டும் வரவேயில்லை. இவ்வளவு தூரம் வந்த பிள்ளை ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்து ஒரு வேளை மீன் சோறு தின்றிருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. நம் வாசகருக்குக் குடந்தை ஜோதிடரின் வீட்டுக்கு வழி தெரியும், பழையாறை அரண்மனையின் நந்தவனம் தெரியும். அரை நாள் பஸ் ஓட்டத்தில் இருக்கும் பொலனறுவையில் சோழர்கள் 1070 வரை இருந்தார்கள், முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான் என்பது பள்ளிக்கூடப் பாடத்தோடு சரி.

முஸ்லிம் வாசகருக்கென்று எழுதப்பட்டவையும் ஊரைவிட்டு வெகுதூரத்தில்தான் நடக்கின்றன. ஹஸனின் சிந்து நதிக் கரையினிலே சிந்துவுக்குக் கூட்டிப்போகும். என். பி. அப்துல் ஜப்பாரின் ஷஜருத்துர், 1250இல் எகிப்தை ஆண்ட ராணியிடம் கொண்டுபோய் விடும். இலங்கையின் முதல் தமிழ் நாவலென்று கொண்டாடப்படும் அசன்பேயுடைய கதையை 1885இல் எழுதிய சித்திலெப்பையும் தன் கதாநாயகனை எகிப்தில்தான் பிறக்கவைத்தார். அண்மைக்காலத்தில் பக்கத்து ஊரான சாய்ந்தமருதிலிருந்து ஆர். எம். நௌஸாத் நட்டுமை எழுதி இந்த மண்ணின் வயலுக்குள் நாவலை இறக்கினார். அது ஒரே பாகம் என்பதால் யாரும் பிடித்து வைத்துக்கொள்ள இயலாமல், ஒழுங்காகச் சுற்றிவருகிறது.

அப்படியானால் இந்த ஊருக்கென்று ஐந்து பாக நாவலுக்குச் சரக்கில்லையா? ஏராளம். போர்த்துக்கேயர் தம் ஆளுகையிலிருந்து விரட்டிய சோனகரை 1626இல் கண்டி அரசன் செனரத் கிழக்கில் குடியேற்றினான். அதற்கு முந்தியே இங்கிருந்தவர்கள் வேறு. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவர் பக்கம் நின்று, வென்ற கையோடு பெண்ணெடுத்த கதை வாய்மொழியாக ஊருக்கு ஊர் உண்டு. பிறகு தவளம்: மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி, காடு கடந்து மலைநாட்டுக்குப் போய், பாக்கோடு திரும்பிய வணிகம். சதிக்கும் காதலுக்கும் போருக்கும் இதற்குமேல் என்ன வேண்டும்?

தடையாயிருப்பது வாகனம்தான் என்று ஒரு வாசகர் கருதுகிறார். சரித்திர நாவலின் கதாநாயகன் குதிரையில் வர வேண்டும். நம்மவன் பொதிமாட்டுக்குப் பின்னால் நடந்து வருவான். கருவாட்டு மூட்டையோடு அரண்மனை வாசலில் வந்து நிற்பவனை இளைய பிராட்டி எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதலிப்பாள்? இதற்கு இன்னொருவர், கண்டி அரண்மனையில் கருவாட்டுக்கு இருந்திருக்கக்கூடிய மதிப்பை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள், இளவரசி முதலில் மூட்டையைத்தான் காதலித்திருப்பாள் என்று பதில் சொன்னார். அவையோர் ஏற்றுக்கொண்டனர்.

கடைசியாகக் கிடைத்த தகவலின்படி, இந்த நாவலை எழுத ஒரு பென்சன்கார அதிபர் இணங்கி, நாற்பது தாள் கொப்பி ஒன்றும் வாங்கிவிட்டார். முதல் அத்தியாயத்தில் செனரத் அனுப்பிய கூட்டம் காட்டைக் கடந்து கடற்கரைக்கு வருகிறது. முன்னால் வந்தவன் மூட்டையை இறக்கி வைக்கிறான். எந்த ஊரில் இறக்கினான் என்பதில் வேலை நிற்கிறது. நிந்தவூரில் என்று அதிபர் எழுதியிருந்தார். சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த சம்பந்தி அதைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் எழும்பிவிட்டார். சம்மாந்துறைக்காரர் ஒருவர், காட்டு வழியாக வருபவனுக்கு முதலில் வருவது எங்கள் ஊர்தானே, மூட்டையோடு எங்களைத் தாண்டி வந்து உங்களிடம் இறக்க அவனுக்கு என்ன விசரா என்று கேட்கிறார். மருதமுனையிலிருந்து வாதம் எழுத்தில் வருவதாகச் சொல்லப்படுகிறது. மூட்டைக்காரன் இன்னும் தோளிலேயே சுமந்துகொண்டு நிற்கிறான். இதற்கிடையில் கொப்பி அதிபரின் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது.