முன்பாதி சிங்கம், பின்பாதி மொட்டை

கேள்வி: போர்ச்சுகல் தண்ணீர் நாயின் படத்தைப் பார்த்தால் முன்பாதி சிங்கமாகவும் பின்பாதி மொட்டையாகவும் இருக்கிறதே! முடிவெட்டியவர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாரா?

பதில்: இல்லை, அது வேலைக்கான சீருடை. தெற்கு போர்ச்சுகலின் அல்கார்வ் கரை மீனவர்கள் இந்த நாயைப் படகிலேயே ஏற்றிச் சென்றார்கள். மீன்களை வலைப்பக்கம் விரட்டும், நழுவி விழுந்த வலையை எடுத்து வரும், படகுக்குப் படகு சேதியும் கொண்டுபோகும். பின்னங்கால்கள் தடையில்லாமல் உதைக்க அங்கே மழிப்பு; நெஞ்சில் குளிர் ஏறாமலிருக்க முன்பக்கம் முடி. வால் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம்.

பாதத்தைப் பிரித்துப் பார்த்தால் விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போன்ற சவ்வு, கிட்டத்தட்ட நுனிவரை. வால் அடியில் தடித்தது, நீந்தும்போது துணை. ஆண் நாய் 50 முதல் 57 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோ வரை எடை.

அடிமுடி கிடையாது, ஒரே அடுக்குதான். அதனால் உதிர்வதும் குறைவு. அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மகள் மாலியாவுக்கு ஒவ்வாமை இருந்ததால், 2009-இல் ‘போ’ என்ற இந்த இன நாய் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தது. வலை இழுக்கிற வேலை அங்கே இல்லை. போட்டோவுக்கு நிற்கிற வேலைதான்.